நகையும் காதலும்



நகைச்சுவை கலந்த காதல் நாவல்கள் மக்கள் உள்ளத்தை எதனால் கவர்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சுண்ணக்கட்டியும் வருகைப் பதிவேடுமாகக் காலம் கழித்த ஒரு தலைமையாசிரியனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். உரிமை இல்லை, கடன் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டில் ஒருநாள் பதினொன்றாம் வகுப்பிற்கு ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி கணக்கு நோட்டுக்குள் ஒரு நாவலை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பறித்துக்கொண்டு, இத்தகைய நூல்கள் அறிவை மழுங்கச் செய்வன என்று வகுப்பறிய நீண்டதொரு சொற்பொழிவும் ஆற்றினேன். வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்து நகைத்தது. "படிச்சா சிரிப்பு வரும், சார்" என்று மட்டும் அவள் மெல்லச் சொன்னாள். நூலை மேசைக்குள் வைத்தவன் திருப்பித் தரவே மறந்துபோனேன். 2018-இல் ஓய்வு பெற்று மேசையை ஒழித்தபோது அது அடியில் கிடந்தது. அன்றிரவே படித்தேன். நள்ளிரவில் நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி விழித்துக்கொண்டாள்.

ஹெலன் ஃபீல்டிங் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1996-இல் வெளியிட்ட 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு' என்பதே அந்நாவல். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாத ஒரு லண்டன் பெண், தன் உடல் எடையையும், பிடித்த சிகரெட்டுகளின் எண்ணிக்கையையும் நாள்தோறும் குறித்து வைக்கிறாள். கைவிட வேண்டியவற்றை ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியலிட்டு, அடுத்தடுத்துத் தோற்கிறாள். புத்தாண்டு விருந்தில் அவள் தாய் அவளை ஒரு வழக்கறிஞருடன் சேர்த்துவைக்க முயல்கிறாள். அவர் பெயர் டார்சி. அப்பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லூரியில் நான் பாடமாகப் பயின்ற நாவலின் நாயகன் பெயரன்றோ அது!

அந்த நாவல், ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பெருமிதமும் தப்பெண்ணமும்'. அதன் முதல் வடிவத்தை அவர் தம் இருபத்தோராம் வயதளவில் எழுதினார். 1797-இல் அவர் தந்தையார் ஒரு பதிப்பாளருக்கு அதுபற்றி எழுதிக் கேட்டபோது, கையெழுத்துப் படியைப் பார்க்கவும் விரும்பாமல் அவர் மறுத்துவிட்டார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நூல் வெளிவந்தபோது, உரிமை முழுவதையும் 110 பவுனுக்கு ஆஸ்டின் விற்றிருந்தார். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை.

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு என்று வகுத்தார். இந்நான்கும் ஆஸ்டினின் ஒரே நாவலில் உலவுகின்றன. நாயகி எலிசபெத்தின் பேச்சில் எள்ளல். தங்கை லிடியாவின் துள்ளலில் இளமை. தாயாரின் புலம்பலில் பேதைமை. பாதிரியார் காலின்ஸின் பணிவுரைகளில் மடமை.

ஆயினும் இந்நகையின் அடியில் ஓர் அச்சம் உறைகிறது. எலிசபெத்தின் தந்தைக்கு ஐந்து பெண்கள். ஆண் மகவு இல்லை. ஆண்டுக்கு 2,000 பவுன் வருவாய் தரும் அவர் நிலம், அவர் மறைந்ததும் ஆண் வாரிசாகிய காலின்ஸைச் சேரும். பெண்களுக்கு இருக்க வீடில்லை. அதனாலன்றோ எலிசபெத் மறுத்த அதே காலின்ஸை, இருபத்தேழு வயதான அவள் தோழி ஷார்லட் மணக்கிறாள். கூரை வேண்டி ஒரு மூடனை மணந்த அவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நமக்கு, பாதியிலேயே சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஆஸ்டின் இதைத் தம் வாழ்விலும் அறிந்தவர். 1802-இல் செல்வர் ஒருவரை மணக்க இசைந்து, மறுநாட் காலையே அவ்விசைவை மீட்டுக்கொண்டார். 1805-இல் தந்தையார் இறந்தபின், தாயும் பெண்மக்களும் உடன்பிறந்த ஆண்களின் உதவியை நம்பியே வாழ நேர்ந்தது. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை, 1817-இல் மறைந்தார்.

அவர் வகுத்த வழியில் பலர் நடந்தனர். ஜார்ஜெட் ஹேயர் 1935-இல் வெளியிட்ட 'ரீஜென்ஸி பக்' முதலாக, ஆஸ்டின் வாழ்ந்த காலத்தையே களமாகக் கொண்டு நகைச்சுவைக் காதல் நாவல்கள் பல படைத்தார். ஃபீல்டிங்கோ தம் காலத்து லண்டனுக்கே அக்கதையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கியது. பிரிட்ஜெட் தானே பொருள் ஈட்டுபவள். கூரைக்காக எவரையும் மணக்க வேண்டியவள் அல்லள். எனினும், விருந்துதோறும் அவளிடம் திருமணப் பேச்சை எடுக்காதார் இல்லை. சட்டம் மாறிற்று, சுற்றத்தார் கேள்வி மாறவில்லை.

இத்தகைய நாவலின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை இப்போது கூறலாம். வீர காவியத்தில் காதலர் குற்றமற்றவர். இடையூறு புறத்திலிருந்து வருகிறது. இங்கோ இடையூறு அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. டார்சி செருக்கால் தவறுகிறார். எலிசபெத் அவசரத் தீர்ப்பால் தவறுகிறாள். அவர் எழுதிய கடிதத்தைப் படித்து, இத்தனை நாளும் தான் குருடியாக இருந்ததை அவள் உணரும் இடமே நாவலின் உயிர்நிலை. பிறரை எள்ளி வந்தவள் அன்று தன்னையே காண்கிறாள். தவறு செய்தவரும் அன்புக்கு உரியவரே, திருந்தவும் கூடியவரே என்னும் நம்பிக்கையை, அறவுரை கூறாமல், சிரிக்க வைத்தே இந்நாவல்கள் தருகின்றன. அந்த நம்பிக்கையை வேண்டாதார் யார்?

இவ்வகை நூல்கள் அனைத்தும் சிறந்தன என்று நான் சொல்லவில்லை. ஒரே அச்சில் வார்த்த பதுமைகள் போல வருவனவும் மிகப் பல. ஆனால் படிக்காமலே தீர்ப்புக் கூறியது என் குற்றம். அவசரத் தீர்ப்பைப் பற்றிய நாவலை வகுப்பில் பாடமாகப் படித்துத் தேறிய நான், அதன் வழித்தோன்றலை அட்டையை மட்டும் பார்த்துப் பறித்தேன்!

அந்நூல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பெயர் எழுதப்பெறவில்லை. அம்மாணவி இன்று எங்கிருக்கிறார் என்றும் தெரியவில்லை. எங்கேனும் இவ்வுரையைக் கேட்க நேர்ந்தால், அன்று அவர் சொன்னதே சரி என்று அவருடைய ஆசிரியன் ஒப்புக்கொண்டதாக அறிந்துகொள்வாராக.