நெருப்புநரி மூன்று: பதிப்பு மாறியபோது தமிழ் வாசகர் கண்டவை

ஃபயர்பாக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் வெளிவந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் 'நெருப்புநரி' என்று செல்லமாக அழைத்தது இதைத்தான். உலகின் மற்றப் பயனர்களுக்கு அது வேகம், நினைவகச் சிக்கனம், புதிய முகவரிப் பட்டை என்ற அளவில் ஒரு மேம்பாடு. தமிழில் வாசிப்பவர்களுக்கோ, உடைந்து கிடந்த எழுத்துகள் ஒட்டிக்கொண்ட நாள் அது. உலாவியின் பதிப்பு மாறுவது எப்போதும் சின்னச் சின்ன எரிச்சல்களோடுதான் நடக்கும். இந்த மாற்றத்திலும் அவை இருந்தன. இருந்தும், தமிழ் இணையத்தின் கதையில் தனியாகக் குறித்துவைக்க வேண்டிய மாற்றம் இது.

வெளியீட்டை மோசில்லா ஒரு திருவிழாவாகவே நடத்தியது. இருபத்துநான்கு மணி நேரத்தில் மிக அதிகமாகத் தரவிறக்கப்பட்ட மென்பொருள் என்ற கின்னஸ் சாதனைதான் இலக்கு. கலிபோர்னியாவில் காலை பத்து மணிக்குத் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். முண்டியடித்த கூட்டத்தில் வழங்கிகள் திணறின. கணக்கு 11:16-க்குத்தான் தொடங்கியது. டொராண்டோவில் அப்போது பிற்பகல், லண்டனில் மாலை ஏழேகால், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நள்ளிரவுக்குச் சற்று முன், சிங்கப்பூரில் அதிகாலை இரண்டேகால். இறுதி எண்ணிக்கை 80,02,530 என்று ஜூலை 2-ஆம் நாள் கின்னஸ் உறுதிசெய்தது. திரைப்படத்துக்கு முதல்நாள் முதல் காட்சி பார்ப்பதைப் போல ஒரு மென்பொருளுக்குக் காத்திருந்த காலம் அது. இன்று உலாவிகள் நம்மைக் கேட்காமலே இரவோடு இரவாகத் தம்மைப் புதுப்பித்துக் கொள்கின்றன. எத்தனையாவது பதிப்பில் இருக்கிறோம் என்றே பலருக்குத் தெரியாது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பதிப்பு ஏன் முக்கியமானது என்பது விளங்க, ஒருங்குறி எப்படித் தமிழை வைத்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'கொ' என்று நாம் படிக்கும் எழுத்து கணினிக்குள் ஒரே துண்டாக இல்லை. முதலில் 'க' என்ற மெய்யெழுத்தின் அகரவடிவம், அதன் பின்னால் ஒகரக்குறி என இரண்டு எண்களாக இருக்கிறது. அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலை எழுத்துக்குப் பின்னும் கொண்டுபோய் வைப்பது திரையில் வரைகிற நிரலின் வேலை. விண்டோஸில் இதைச் செய்தது யுனிஸ்கிரைப், லினக்ஸில் பாங்கோ, மாக்கில் ஆப்பிளின் சொந்த நிரல். உலாவி செய்ய வேண்டியதெல்லாம் ஒரு சொல்லை முழுதாக அந்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்வதுதான்.

ஃபயர்பாக்ஸ் இரண்டாம் பதிப்பு வரை அப்படி ஒதுங்கவில்லை. விண்டோஸில் இடப்பக்கம் ஒழுங்குசெய்யப்பட்ட பத்திகள் நன்றாகவே தெரிந்தன. ஆனால் இரு ஓரமும் நேராக இருக்கும்படி ஒழுங்குசெய்த பத்திகளில், சொற்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதற்காக ஒவ்வொரு குறியையும் உலாவி தனித்தனியே நிறுத்தி வைத்தது. ஆங்கிலத்துக்கு இதில் ஒரு கேடும் இல்லை. தமிழில் 'தொடர்' என்ற சொல்லே சிதறிப்போகும். கொம்பும் காலும் தகரத்தை விட்டு விலகி நிற்கும், ரகரத்தின் புள்ளி தனியே கிடக்கும். எழுத்துருவைப் பொறுத்துப் புள்ளியிட்ட வட்டங்களும் நடுநடுவே முளைக்கும். அச்சுப் பத்திரிகை போல் இரு ஓரமும் நேராக இருந்தால்தான் அழகு என்று நினைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சிறுகதையையும் கட்டுரையையும் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்தி வலையேற்றியவர்களின் பக்கங்கள்தான் நெருப்புநரியில் அதிகம் உடைந்தன. அழகுக்கு அக்கறை காட்டாதவர் எழுதியது ஒழுங்காகத் தெரிந்தது. 'உங்கள் பக்கம் படிக்க முடியவில்லை, ஓர ஒழுங்கை எடுத்துவிடுங்கள்' என்று வாசகர் எழுதுவதும், 'எக்ஸ்புளோரரில் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது' என்று எழுதியவர் பதில் சொல்வதும் அந்த நாட்களில் வழக்கமான உரையாடல்.

லினக்ஸ் பயனர்களின் பாடு வேறு. மோசில்லா நேரடியாகத் தந்த பொதியில் பாங்கோ சேர்க்கப்பட்டிருக்கவில்லை. ஃபெடோரா, உபுண்டு போன்ற வழங்கல்கள் தாமே தொகுத்துத் தந்த பொதியில் அது இருந்தது. எனவே ஒரே பதிப்பு எண் கொண்ட உலாவி ஒருவர் கணினியில் தமிழைச் சரியாகவும் இன்னொருவர் கணினியில் கொம்பு இடம் மாறியும் காட்டியது. மாக் கணினியிலோ நிலைமை இன்னும் மோசம். 2005-இல் வந்த மாக் இயங்குதளத்தின் 10.4 பதிப்பிலேயே 'இணைமதி' என்ற தமிழ் எழுத்துரு கூடவே வந்துவிட்டது. சஃபாரியில் தமிழ் அருமையாகத் தெரியும். அதே கணினியில் ஃபயர்பாக்ஸைத் திறந்தால் பிழையாகத் தெரியும். 

மூன்றாம் பதிப்பில் கெக்கோ 1.9 என்ற புதிய வரைபொறி வந்தது. கெய்ரோ என்ற வரைகலைத் தொகுப்பின் மேல் எழுத்து வரையும் பகுதி முழுவதும் திருத்தி எழுதப்பட்டிருந்தது. மூன்று இயங்குதளங்களிலும் சொல்லை முழுதாக அந்தந்த நிரலிடம் கொடுக்கும் முறை நிலைபெற்றது. ஓர ஒழுங்கு செய்த பத்தியும் உடையாமல் நின்றது. தமிழுக்கு மட்டும் நடந்ததல்ல இது. இந்தி, மலையாளம், சிங்களம், தாய் என்று கூட்டெழுத்து முறை உள்ள எல்லா மொழிகளுக்கும் இதே பயன்தான். பக்கத்தை எழுதியவர் ஒரு வரியும் மாற்றவில்லை. வாசகர் உலாவியை மாற்றினார், பழைய பக்கங்கள் குணமாகிவிட்டன. தொழில்நுட்பத்தில் இவ்வளவு சுகமான தீர்வு அடிக்கடி கிடைப்பதில்லை.

ஒரு முன்நிபந்தனை மட்டும் மாறவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் வட்டார அமைப்புகளுக்குப் போய், சிக்கல் வரிவடிவ மொழிகளுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லி ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவல் குறுந்தட்டு கேட்கும். அலுவலகக் கணினியில் தமிழ் படிக்க விரும்பியவர்களுக்கு அந்தக் குறுந்தட்டும் இல்லை, மேலாளர் உரிமையும் இல்லை. அவர்களுக்கு எந்த உலாவியின் எந்தப் பதிப்பும் முழு விடை தரவில்லை. விஸ்டாவில்தான் அந்தக் கட்டம் தேவையில்லாமல் போனது.

பயனர்கள் அதிகம் சண்டை போட்டது முகவரிப் பட்டையைப் பற்றி. முன்பெல்லாம் முகவரியின் தொடக்கத்தைத் தட்டினால் பொருந்தும் முகவரிகள் வரும். மூன்றாம் பதிப்பில் முகவரியின் நடுவில் இருப்பதும், பக்கத்தின் தலைப்பில் இருப்பதும், நூற்குறிகளில் இருப்பதும் சேர்ந்து இரண்டு வரி உயரத்தில் விரிந்தன. பழகிய கைகளுக்கு இது பெருந்தொல்லை. பழைய தோற்றத்தைத் திருப்பித் தருவதற்கென்றே 'ஓல்டுபார்' என்ற நீட்சி ஒன்று வந்தது. என்னைக் கேட்டால் தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டை ஒரு வரம். தமிழ்ப் பக்கங்களின் முகவரி பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக நினைவில் நிற்காத ஒன்று. தலைப்போ தமிழில் இருக்கும். தலைப்பிலிருந்து இரண்டு எழுத்தைத் தமிழிலேயே தட்டினால் போன மாதம் படித்த கதை வந்து நின்றது. தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரிகளும் இந்தப் பதிப்பில் தமிழாகவே தெரிந்தன. அதற்கு முன் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது இடம் பிடிக்கும் விழுக்காட்டுக் குறி வரிசைதான் கண்ணில் படும். அந்த முகவரியை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டினால் பழைய அனுமார் வால் திரும்ப வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பெரிதாக்கிப் பார்க்கும் வசதியையும் சொல்ல வேண்டும். லதா எழுத்துருவில் பன்னிரண்டு புள்ளி அளவு என்பது, பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைவிட நெருக்கமாகவே தெரியும். இரண்டாம் பதிப்பில் எழுத்தை மட்டும் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் பத்திகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மூன்றாம் பதிப்பு படம், கட்டம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கியது. அறுபதைத் தாண்டிய வாசகர்களுக்கு மற்ற எந்த வசதியையும்விட இதுவே பெரிது.

குறைகள் இல்லாமல் இல்லை. நீட்சிகள் எந்தப் பதிப்பு வரை இயங்கும் என்பதை அவற்றின் ஆசிரியர்கள் கோப்பிலேயே குறித்திருப்பார்கள். அந்த எண்ணைத் தாண்டிய உலாவி வந்ததும் நீட்சி முடக்கப்படும். உலாவிக்குள் தமிழில் தட்டெழுத உதவிய தமிழ்விசை, பழைய எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறியாக மாற்றிக் காட்டிய பத்மா போன்றவற்றை நம்பியவர்கள், மேம்படுத்துமுன் நீட்சியின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்வதே புத்திசாலித்தனமாக இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் பொருத்தச் சோதனையையே அணைத்துவிட்டு ஓட்டினார்கள். தாமே சான்றளித்துக் கொண்ட தளங்களுக்குப் போனால் பிழைப்பக்கம் ஒன்று வந்து, பல சொடுக்குகளுக்குப் பிறகே வழி விட்டது. லினக்ஸில் சோதனைப் பதிப்புகள் வரலாற்றுத் தரவுகளை வன்தட்டில் எழுதும்போதெல்லாம் சில நொடிகள் உறைந்து நின்றன. விண்டோஸ் 98, எம்.ஈ. வைத்திருந்தவர்களுக்கு மூன்றாம் பதிப்பே கிடையாது. இரண்டாம் பதிப்புக்கான கடைசித் திருத்தம் 2008 டிசம்பரில் வந்ததோடு அவர்கள் கைவிடப்பட்டார்கள்.

கைவிடப்படுவது தமிழ் வாசகருக்குப் புதிதும் அல்ல. 1997-இல் வந்த நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பும் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பும் 'இயங்கு எழுத்துரு' என்ற வசதியைத் தந்தன. எழுத்துருவைத் தனியே நிறுவ வேண்டாம், பக்கத்தோடு அதுவும் இறங்கும். தமிழ் நாளிதழ்களும் இணைய இதழ்களும் இதைப் பிடித்துக் கொண்டன. ஆனால் இரண்டு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு வடிவங்களைத் தந்தன. 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் ஆறாம் பதிப்பு வந்தபோது அதன் பழைய வடிவம் அதில் இல்லை. மேம்படுத்தியவர்களின் திரையில் தமிழ் மறைந்து ஐரோப்பிய எழுத்துகள் குவிந்தன. எக்ஸ்புளோரர் வடிவம் அதோடு மட்டும் வாழ்ந்து, 2022 ஜூனில் அந்த உலாவி ஓய்வு பெற்றபோது முடிந்தது. பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் எண்ணம் பொதுத்தரமாகி ஃபயர்பாக்ஸில் 2009 ஜூனில், 3.5 பதிப்பில் திரும்பி வந்தது. அதற்குள் தமிழ் இணையத்தில் பெரும்பகுதி ஒருங்குறிக்கு மாறத் தொடங்கிவிட்டது.

மாறாத பகுதிதான் இன்று கவலைக்குரியது. திஸ்கியிலும், 1999-இல் தமிழக அரசு அறிவித்த தாப், தாம் முறைகளிலும், ஒவ்வோர் இதழும் தனக்கென வைத்திருந்த குறியேற்றங்களிலும் ஏராளமான கதைகளும் கட்டுரைகளும் விவாதங்களும் ஏறின. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக் கொண்டன. தனியொருவர் நடத்தி நின்றுபோன இதழ்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உலாவிகளோ பழைய பக்கங்களைப் படிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றன. 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57-ஆம் பதிப்பில் பழைய முறையில் எழுதிய நீட்சிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. குறியேற்றத்தை வாசகரே தேர்ந்தெடுக்கும் பட்டியல் 2021-இல் ஒற்றைக் கட்டளையாகச் சுருங்கியது.

வன்தட்டிலோ குறுந்தட்டிலோ அந்தக் காலப் பக்கங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. பக்கத்தை உலாவியில் திறந்து நகலெடுப்பதைவிட, மூலக் கோப்பை அப்படியே எடுத்துக் குறியேற்ற மாற்றிக்குக் கொடுப்பது நல்லது. மூலத்தில் எழுத்துருவின் பெயர் இருக்கும். எந்த முறையில் எழுதப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் அது ஒன்றே துப்பு. திஸ்கிக் கோப்பானால் 'இ' எழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது நின்ற 173-ஆம் இடம் பன்னாட்டுக் குறியேற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும் என்பதால்தான் பின்னாளில் 254-ஆம் இடத்திலும் ஓர் 'இ' வைக்கப்பட்டது. மாற்றி முடித்த கோப்பில் 'இவன்', 'இந்த', 'இல்லை' என்று தேடிப் பாருங்கள். ஒன்றுகூட அகப்படாமல் 'வன்', 'ந்த', 'ல்லை' என்று மட்டும் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே அந்த எழுத்து தொலைந்துவிட்டது என்று பொருள். மூலக் கோப்பின் வேறொரு படியைத் தேட வேண்டும்.