வரப்பில் பறித்த காப்பு

பொங்கலுக்கு வீட்டை அலங்கரிப்பது பற்றிப் பேசலாம்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அலங்காரம்னதும் கலர்த்தாள் தோரணம், சீரியல் லைட்டு எல்லாம் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது காசே இல்லாமல் செய்யும் ஒன்றைப் பற்றி. போகியன்னைக்குச் சாயங்காலம் ஓடைப்பட்டிப் பக்கம், பொதுவாகவே தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், வாசலில் ஒரு கொத்து கட்டுவோம். வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை. இதுதான் காப்பு.

கண்ணுப்பீளையைப் பேச்சில் கண்ணுப்பிள்ளைன்னும் சொல்வாங்க. கொங்குப் பக்கம் போனால் இதே செடி பூளைப்பூ. சித்த மருந்துக் கடையில் கேட்டால் சிறுபீளை. தாவரவியலில் ஏர்வா லனாட்டா. லனாட்டான்னா லத்தீனில் கம்பளி போர்த்தியது என்று பொருள். பூவைத் தொட்டுப் பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் ஏன்னு விளக்கவே வேண்டாம்.

கட்டுறது ரொம்ப எளிது. நீளமான கண்ணுப்பீளைத் தண்டைப் பின்னால் வைத்து, அதற்கு முன்னால் வேப்பிலையும் மாவிலையும், எல்லாத்துக்கும் முன்னால் மஞ்சளாகத் தெரிகிற மாதிரி ஆவாரம்பூ. கைப்பிடி அளவு சேர்ந்ததும் வாழைநாரை நனைத்து இறுக்கி ஒரு கட்டு. கூரை வீடா இருந்த காலத்தில் அதைக் கட்டக்கூட வேண்டாம், இறவாரத்தில் சொருகினால் போதும். ஓட்டு வீடு வந்ததும் சட்டத்தில் கட்டினாங்க. இப்ப மாடி வீடு. சொருக இடம் கிடையாது. ஜன்னல் கம்பியிலும் கேட்டிலும் தொங்குது. வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. மாட்டுத் தொழுவம், கிணறு, மோட்டார் ரூம், திராட்சைப் பந்தலின் கல்தூண், டிராக்டர், பைக் எல்லாவற்றுக்கும் ஒரு கொத்து உண்டு. எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதற்கெல்லாம் கட்டுவது.

ஏன் இந்தச் செடிகள்? கிருமிநாசினின்னு ஒரு பதில் இப்போது எல்லா இடத்திலும் ஓடுது. வேம்புக்கு மருந்துக் குணம் இருக்கு, சரி. ஆனால் கூரை முனையில் தொங்குற ஒரு கொத்து வீட்டுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும்னு எதிர்பார்க்கிறது கொஞ்சம் அதிகம். எனக்குப் படுற காரணம் எளிமையானது. ஓடைப்பட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் தரிசையும் வரப்பையும் பச்சையாக்கும். அந்த ஈரத்தில் வளர்ந்து மார்கழியில் பூத்து நிற்பவை இவை. கண்ணுப்பீளைக்கு இன்னொரு வசதி, பறித்த பிறகும் வாடிச் சுருங்காது. காய்ந்தாலும் அதே வெள்ளையாக இருக்கும். அதனால்தான் போன வருசத்துக் கொத்து இந்த வருசம் புதுசு கட்டும்வரை அப்படியே தொங்குகிறது.

ஊருக்கு ஊர் இது மாறும். காவிரிப் படுகையில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவாங்க. நெட்டி குளத்திலும் சதுப்பிலும் வளர்கிற செடி, உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும். அதைச் சீவிச் சாயம் போட்டுக் கோப்பார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. தண்ணீர் நிற்கிற ஊரில் தண்ணீர்ச் செடி, மானாவாரி ஊரில் வரப்புச் செடி.

இனி பழைய கதைக்கு வர்றேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்வது பள்ளியில் படித்தவங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் ஆவிரையும் பூளையும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. அதைவிட என்னை நிறுத்தியது கலித்தொகை. நெய்தற்கலியில் மடலேறுகிற ஒருவன் வருகிறான். காதல் கைகூடாதவன் பனைமட்டையால் குதிரை செய்து, ஊர் பார்க்கத் தெருவில் வருவதுதான் மடலேறுதல். அவன் தன் மடலுக்கு அணியாகக் கட்டுவது மயிற்பீலியோடு பூளை, ஆவிரை, எருக்கு. நாம் இன்று ஒரே கொத்தாகச் சேர்க்கிற இரண்டு பூக்களை அன்றைக்கே ஒருவன் ஒன்றாகப் பிணித்திருக்கிறான்!

மடல் குதிரைதான் பொங்கல் காப்பாக மாறியது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அங்கே அது மானம் துறந்தவனின் அடையாளம், இங்கே மங்கலம். பொதுவானது வேறு. முல்லை, தாமரை மாதிரி கொண்டாடிச் சூடுகிற பூக்கள் அல்ல இவை. யாரும் நட்டு வளர்க்காதவை. வழியோரத்தில் கைக்கு எட்டியதை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், அவனும் சரி, நம் பாட்டிமாரும் சரி. கலித்தொகை 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை பதிப்பாகவும், குறிஞ்சிப்பாட்டு அடங்கிய பத்துப்பாட்டு 1889இல் உ.வே.சா. பதிப்பாகவும் அச்சேறின. அதுவரை ஏட்டில் கிடந்த சேதி. போகியன்னைக்கு வரப்புக்குப் போன பெண்களுக்கு அந்த ஏடு தேவைப்படவே இல்லை.

காப்பு என்ற சொல்லையும் பார்க்கணும். காவல், கைவளை இரண்டுக்கும் அதே சொல். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா மாதிரி விழாக்களில் காப்புக் கட்டினவர் விரதத்துக்குக் கட்டுப்பட்டவர், விழா முடியும்வரை அதிலிருந்து விலக முடியாது. வாசலில் கட்டுகிற கொத்தையும் அதே பேரில் சொல்கிறோம் என்றால், அது அழகுக்காக மட்டும் தொங்கவிட்டது இல்லை. வீட்டுக்கும் நிலத்துக்கும் கையில் கட்டிவிடுகிற மாதிரி.

இப்போது அந்த நிலத்தில்தான் சிக்கல். களை வெட்டுகிற ஆள்கூலி ஏற ஏறக் களைக்கொல்லி வந்தது. பயிருக்கு நடுவில் அடித்த மருந்தை வரப்பிலும் அடிக்கிறோம். கண்ணுப்பீளைக்கு வரப்பும் தரிசும்தான் வீடு. தரிசு பிளாட்டாகுது, வரப்பு கருகுது. ஆகவே போகிக்கு முந்தின நாள் சந்தையில் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்குகிறோம். விற்கிறவங்க மேல் எனக்கு வருத்தமில்லை. கரட்டோரம் அலைந்து பறித்து வருகிற பாடு சும்மா இல்லை, அந்தக் காசு அவங்களுக்குச் சேரட்டும். ஆனால் நான் பார்க்கிற கட்டுகளில் வருசா வருசம் வேப்பிலை பெருத்து, ஆவாரம்பூ சிறுத்துக்கொண்டே வருது. சிலதில் ஆவாரை இலை மட்டும்தான் இருக்கு, பூ இல்லை. வேம்பு வீட்டுக்கு வீடு நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் நடந்து போகணும்.

தோட்டம் வைத்திருக்கிறவங்க ஒன்று செய்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு வரப்பை மருந்தடிக்காமல் விடுங்க. விதை மண்ணில் கிடந்தால் மார்கழிக்குள் கண்ணுப்பீளை தானாகவே எழுந்து நிற்கும். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். சந்தையில் வாங்குறவங்க, கட்டைப் பிரித்துப் பூ இருக்கான்னு பார்த்து வாங்குங்க.