முளைக்குச்சியைப் பிடுங்கினால் சவுக்கடி

1667 மார்ச் 27. லண்டனின் ஃபிளீட் தெருவில் முளை அடிக்கும் வேலை தொடங்கியது. முந்தைய செப்டம்பரில் மூண்ட பெருந்தீ சுமார் 13,200 வீடுகளைத் தின்றிருந்தது. யார் மனை எதுவரை என்று சாம்பலுக்கு நடுவே சொல்ல ஒருவர் வேண்டும். நகர நிர்வாகம் நியமித்த சர்வேயர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். பள்ளிப் பாடத்தில் சுருள்வில் விதியோடு வருகிறாரே, அதே ஹூக்தான். கூடவே பீட்டர் மில்ஸ். பிறகு ஜான் ஆலிவரும் சேர்ந்தார்.

வீடு கட்ட நினைத்தவர் முதலில் இடிபாடுகளை அள்ள வேண்டும். பிறகு நகரக் கஜானாவில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டி ரசீது வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் சர்வேயர் மனைக்கு வருவார். அளப்பார், முளை அடிப்பார், அளவைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். கடைக்கால் தோண்டுவது அதற்கப்புறம்தான். பணம் வாங்கும் கை வேறு, நூல் பிடிக்கும் கை வேறு. பிளான் அப்ரூவலுக்கு அலைந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் சட்டென்று புரியும்.

அந்த முளைக்குச்சிக்கு இருந்த மரியாதையும் சாதாரணமானதல்ல. வேண்டுமென்றே பிடுங்கியவருக்கு 3 மாதச் சிறை, அல்லது 10 பவுண்டு அபராதம். ஏழை எளியவர் என்றால் அதே இடத்தில், ரத்தம் வரும்வரை சவுக்கடி.

வரைபடம்? யாரும் கேட்கவில்லை. தெருவின் தரத்துக்கேற்ப வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, எத்தனை மாடி, சுவர் எத்தனை செங்கல் கனம் என்பதையெல்லாம் 1667ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்திருந்தது. வெளிச்சுவருக்குச் செங்கல் அல்லது கல்தான். மீறிக் கட்டினால் பொறுப்பு கட்டியவருடையது. இடிக்க வேண்டும், மறுத்தால் சிறை.

சர்வேயரின் வேலை முளையோடு முடியவில்லை. தெருவை அகலப்படுத்தியதில் மனை இழந்தவருக்கு எவ்வளவு போனது என்று சான்று எழுதித் தருவதும் அவர்தான். பொதுச்சுவர்ச் சண்டைக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்–குடியிருப்பவர் வழக்குகளுக்கு மட்டும் தனி நீதிமன்றம் இருந்தது.

1774ஆம் ஆண்டுச் சட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு சர்வேயர் என்பது நிலைத்தது. அந்தப் பதவிக்கான தகுதித் தேர்வை பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் சங்கம் நடத்துவது 1855ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது.

1703இல் ஹூக் இறந்தபோது அவர் அறையிலிருந்த இரும்புப் பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுண்டு இருந்தது. சர்வேயர் வேலையில் சேர்த்த பணம் அதில் கணிசம் என்கிறார்கள். மில்ஸும் ஆலிவரும் எழுதிய அளவை நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஹூக்கினுடையவை தொலைந்துவிட்டன.