பாண்டியன் வாங்கிய பரிகள்

செட்டியார்பட்டியில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், வரலாற்று வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, ஐயனார் கோயிலில் மண் குதிரை நிற்கிறது, நம் ஊரில் உயிருள்ள குதிரை ஒன்றுகூட இல்லையே, ஏன்?" என்று வினவினான். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அவனுக்குத் தந்திருக்க வேண்டிய விடையை மாணவர்களாகிய உங்களுக்கு இப்போது கூறுகிறேன்.

பாரதத்துக்கே உரிய குதிரை இனங்கள் பல உள்ளன. ராஜஸ்தானத்து மார்வாரிக்கும் சௌராஷ்டிரத்துக் கத்தியவாரிக்கும் காது நுனிகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று தொடுமாறு நிற்கும். இமயச் சாரலில் ஸ்பிதி, ஜான்ஸ்காரி, பூட்டியா என்னும் மட்டக் குதிரைகள் மலைப்பாதையில் சுமை தூக்குகின்றன. மணிப்பூரின் மட்டக் குதிரை மீதமர்ந்து ஆடிய ஆட்டமே பின்னர் போலோ என உலகெங்கும் பரவிற்று. ஆயினும் இவ்வரிசையில் தமிழகத்துக்கென ஓர் இனமும் இல்லை. மாட்டுக்குக் காங்கயம், நாய்க்கு இராசபாளையம் என்று பெயர் நாட்டிய நம்மவர், குதிரையில் மட்டும் அதைச் செய்திலர்.

காரணம் என்ன? சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஆளுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதியுள்ளார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்களாம்! நல்ல பொலிகுதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும், கால் கோணிய, ஏறுதற்குதவாத குட்டியே பிறந்தது என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் எவரும் இங்கு வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூற்று. இதைப் புறங்கூற்று என்று தள்ள எனக்கு மனமில்லை. குதிரை சாகச் சாக வணிகம் வளருமன்றோ?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு இதனினும் பெரிது. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். ஆக 22 இலட்சம் தினார். கடலில் மாண்ட குதிரைக்கும் விலை கொடுக்க வேண்டுமாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அத்தகைய ஒப்பந்தத்துக்கு அரசன் இணங்கினான் என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. காயல் துறையில் இறங்கிய ஒவ்வொரு குதிரைக்கும் ஈடாகப் பாண்டிநாட்டுச் செல்வம் கப்பலேறியது.

மாணிக்கவாசகர் கதையை நீங்கள் அறிவீர்கள். குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளை அவர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார், நரிகள் பரிகளாயின. அற்புதத்தை ஒருபுறம் வைத்துப் பாருங்கள்: குதிரை வாங்குவது அமைச்சரே நேரில் செல்லத்தக்க அரசாங்கக் காரியமாயிருந்தது!

படைக்குக் குதிரை தேவைப்பட்ட காலம் போயிற்று. வடக்கே உள்ள இனங்களுக்கும் இப்போது இடுக்கண் வந்துள்ளது. 2012-இல் ஆறேகால் இலட்சமாயிருந்த நம் நாட்டுக் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 இலட்சமாகக் குறைந்தன. மேய்ச்சலுக்கு உதவிய ஈரநிலங்கள் சுருங்கிவந்த மணிப்பூரில், 2016-இல் மட்டக் குதிரையைக் காப்பதற்கென்றே அரசு தனிக் கொள்கை வகுத்தது.