மஹ்மூது பந்தர்

விடுமுறைக்கு ஏற்காடு செல்வோர் ஏரியைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அம்மலைநீரின் வழியே கடல்வரை இறங்கிச் செல்வோர் அரியர். சேர்வராயன் மலையையும் அதையடுத்த குன்றுகளையும் தாயகமாகக் கொண்ட வெள்ளாறு, பரங்கிப்பேட்டையருகே வங்கக்கடலில் கலக்கிறது. வரலாற்றில் நாட்டமுடையோர் ஒரு விடுமுறையை இக்கழிமுகப் பட்டினத்திற்கு ஒதுக்குதல் தகும்.

இவ்வூருக்குப் பெயர்கள் மூன்று. போர்த்துகீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம், என்றனர். முஸ்லிம்கள் 'மஹ்மூது பந்தர்' என்றனர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இப்பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? மக்கள் வழக்கில் நிலைத்தது பரங்கிப்பேட்டை. ஐரோப்பியரை அறபிகள் 'இஃப்ரன்ஜ்' என்றும் பாரசீகர் 'ஃபரங்கி' என்றும் அழைத்தனர். அதுவே தமிழில் பரங்கியாயிற்று. எனவே இது ஐரோப்பியர் சூட்டிய பெயரன்று. அவர்களைச் சுட்டும் சொல்லும் முஸ்லிம்களின் மொழிகள் வழியே நமக்கு வந்ததுதான்.

1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலீயின் பெரும்படையை அயர் கூட்டின் சிறுபடை வென்றது இங்கேதான். கூட்டுக்குக் கடல்வழித் துணை இருந்தது, ஹைதருக்கு இல்லை. தோல்விக்குக் காரணம் தேடுவோர் இதனை எளிதில் கடந்துவிடலாகாது.

மலைக்கும் துறைக்கும் பின்னரும் ஓர் உறவு ஏற்பட்டது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கு இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் வட்டாரத்திலிருந்து வந்தது, உலைக்கு மரக்கரி. கரிக்காகக் காடுகள் அழிந்தன; கரி கிடைப்பது அரிதாகவே, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை மூடுண்டது.