அறிந்தே மறுத்தவன்

1976-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற 'தி மெஸேஜ்' என்னும் திரைப்படத்தை நம்மவரில் பலர் அறிவர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கூறும் அப்படத்தை இயக்கியவர், ஸிரியா நாட்டு ஹலப் நகரில் பிறந்த முஸ்தபா அக்காத். அதே அக்காத் இரண்டே ஆண்டுகள் கழித்து, 1978-இல், 'ஹாலோவீன்' என்னும் அமெரிக்கத் திகில் படத்திற்குப் பணமுதல் திரட்டித் தந்து, நிர்வாகத் தயாரிப்பாளராக நின்றார் என்பதை அறிந்தவர் சிலரே. ஜான் கார்ப்பென்டர் இயக்கிய அப்படத்தின் கொடியவன் பெயர் மைக்கேல் மையர்ஸ். ஆறு வயதில் உடன்பிறந்த தமக்கையைக் கத்தியால் குத்திக் கொன்றவன். பதினைந்து ஆண்டுகள் மனநோய் விடுதியில் வாய் திறவாது கிடந்து, பின்னர் தப்பி வந்து, வெள்ளை முகமூடி அணிந்து மீண்டும் கொல்லத் தொடங்குகிறான். ஏன் கொல்கிறான்? படம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனாலேயே அவன் அத்துணை அச்சம் தருகிறான். அக்காத் உயிரோடிருந்த காலம்வரை அந்த வரிசையில் வந்த எட்டுப் படங்களிலும் அவர் பெயர் இருந்தது.

ஒரே மனிதர் கைபட்ட இரு படங்கள். இரண்டிலும் திருந்தாத கொடியவர் உண்டு. ஆனால் அவ்விருவரும் ஒரே இனத்தவர் அல்லர்.

காரணமே இல்லாத கொடியவனைப் படைப்பது கதாசிரியருக்கு எளிது. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் வரும் இயாகோ, தன் சூழ்ச்சி அனைத்தும் வெளிப்பட்ட பின், ஏன் செய்தாய் என்று கேட்கப்படும்போது இனி ஒரு சொல்லும் பேசேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். நம் தமிழ்த் திரையிலோ பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பொலி கேட்டாலே போதும். அவர் ஏன் தீயவராக வந்திருக்கிறார் என்று எவரும் வினவியதில்லை. அன்றிக் கடைசிச் சுருளில் ஒரு கண்ணீர்த் துளியோடு வில்லன் திருந்திவிடுவான். படம் பார்த்தவர்கள் நிம்மதியாக வீடு திரும்புவர். முன்னவனுக்கு மனமே இல்லை. பின்னவனுக்கு இருந்த மனம் ஒரு நிமிடத்தில் மாறிவிட்டது. இரண்டுமே கதைக்கு வசதியான ஏற்பாடுகள்.

சரித்திரம் அத்தகைய வசதிகளைத் தருவதில்லை. நம் சரித்திரத்தின் பெருங்கொடியவன் எனப் பாலரும் அறிந்த அபூஜஹ்லை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு மனம் இருந்தது, அறிவு இருந்தது, காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தை அவனே தன் வாயால் சொல்லியுமிருக்கிறான்.

அவனது இயற்பெயர் அம்ரு இப்னு ஹிஷாம். குறைஷியரில் செல்வமும் செருக்கும் மிக்க பனூ மக்ஸூம் குலத்தவன். மக்கத்துப் பெருமக்கள் அவனை 'அபுல் ஹகம்' என்று, அதாவது ஞானத்தின் தந்தை என்று அழைத்தனர். நாற்பது வயது நிரம்பியவர்களே அமரத் தக்க 'தாருந் நத்வா' ஆலோசனை மன்றத்தில் முப்பது வயதிலேயே அவனுக்கு இடம் கிடைத்தது என்று ஓர் அறிவிப்பு உண்டு. 'அறியாமையின் தந்தை' என்ற பெயர் பின்னர் முஸ்லிம்கள் இட்டது. இரு பெயர்களும் ஒருவனையே குறிப்பன என்பதில்தான் அவன் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. மூடன் ஒருவனுக்கு அப்பெயரை இட்டிருந்தால் அது வெறும் வசை. ஞானி எனப் பெயரெடுத்தவனுக்கு இட்டதனால் அது ஒரு தீர்ப்பாயிற்று.

ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி என்னை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்ததுண்டு. நபி (ஸல்) அவர்கள் இரவில் தம் இல்லத்தில் தொழுகையில் நின்று குர்ஆன் ஓதுவார்கள். ஓர் இரவு அதனைக் கேட்பதற்காக மூவர் இருளில் வந்து பதுங்கினர். ஒருவன் அபூஜஹ்ல், மற்ற இருவர் அபூஸுஃப்யானும் அக்னஸ் இப்னு ஷரீக்கும். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. விடியற்காலையில் திரும்பும் வழியில் மூவரும் சந்தித்துக்கொண்டனர், ஒருவரையொருவர் கடிந்துகொண்டனர், நம் பாமரர் கண்டால் என்ன நினைப்பர், இனி வரலாகாது என்று பேசிக் கலைந்தனர். மறுநாள் இரவும் மூவரும் வந்தனர். மூன்றாம் இரவும் வந்தனர். அதன் பின்னரே ஒருவருக்கொருவர் உறுதிமொழி செய்துகொண்டு நிறுத்தினர்.

பகலில் எந்த ஓசையைக் கூச்சலிட்டு அடக்கினானோ, இரவில் அதே ஓசைக்காக உறக்கம் துறந்து சுவரோரம் காத்துக் கிடந்தான்! மூன்று இரவுகள்!

பொழுது விடிந்ததும் அக்னஸ் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகச் சென்று, கேட்டதைப் பற்றி உன் கருத்து என்ன என்று வினவினார். அபூஜஹ்ல் அளித்த விடையின் சாரம் இதுதான்: நாங்களும் அப்து மனாஃபின் மக்களும் பெருமைக்குப் போட்டியிட்டு வந்தோம். அவர்கள் விருந்தளித்தால் நாங்களும் அளித்தோம். அவர்கள் வாரி வழங்கினால் நாங்களும் வழங்கினோம். பந்தயக் குதிரைகள் இரண்டு சமமாக ஓடுவதுபோல் ஓடிவந்த வேளையில், எங்களிடம் ஒரு நபி இருக்கிறார், அவருக்கு வானிலிருந்து வஹீ வருகிறது என்கிறார்கள். அதற்கு ஈடாக நாங்கள் எதைக் கொண்டுவருவது? ஆகவே ஒருபோதும் நம்பமாட்டோம்.

இந்த விடையில், அது பொய் என்று அவன் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மெய்யா பொய்யா என்ற வினாவையே அவன் தொடவில்லை. குலப்பெருமை என்ற ஒற்றை எடைக்கல்லை வைத்து நிறுத்துப் பார்த்து, மறுத்துவிட்டான். இருளில் நின்றவனுக்கு ஒளி காட்டலாம். ஒளியைப் பார்த்துவிட்டு, அது அடுத்த வீட்டு விளக்கு என்பதற்காகவே கண்ணை மூடிக்கொள்பவனுக்கு என்ன செய்வது?

கொடுமையை மட்டும் வைத்து அவனைத் தனித்துக் காட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்னை சுமையா (ரலி) அவர்களை ஈட்டியால் குத்திக் கொன்று, இஸ்லாத்தின் முதல் ஷஹீத் ஆக்கியவன் அவனே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஈமான் கொள்வதற்கு முன்னர், உமர் அவர்களும் பனூ முஅம்மல் குலத்தைச் சார்ந்த ஓர் அடிமைப் பெண்ணைத் தம் கை ஓயும் மட்டும் அடித்தவர்தாம் என்று அதே இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்பெண்ணை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள்.

கொடுமைகள் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு துஆச் செய்தார்கள். திர்மிதீயில் இடம்பெற்ற ஹதீஸ் அது. அபூஜஹ்ல், உமர் ஆகிய இருவரில் இறைவனுக்கு உவப்பான ஒருவரைக் கொண்டு இஸ்லாத்தை வலுப்படுத்துமாறு வேண்டினார்கள். நம் மீலாது மேடைகளில் இந்த ஹதீஸ் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. உமர் (ரலி) அவர்களின் சிறப்பைக் கூறுவதற்காகவே ஓதப்படுகிறது. அதன் மறுபாதியை நாம் செவிமடுப்பதில்லை. அபூஜஹ்லின் பெயரும் அந்த துஆவில் இருந்தது! எந்த நாவு அவனைப் பின்னாளில் இந்தச் சமுதாயத்தின் பிர்அவ்ன் என்று குறிப்பிட்டதோ, அதே நாவு அன்று அவன் வரவேண்டும் என்று இறைஞ்சியது. இருவருள் எவர் என்பது அன்று எந்த மனிதருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று ஊர்ச் சச்சரவுகளிலும் ஜமாஅத் வழக்குகளிலும், தமக்கு மாறுபட்டவரை அபூஜஹ்ல் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்களுக்கு, இவ்வளவு விரைவாக இது எப்படித் தெரிந்துவிடுகிறதோ!

அதன்பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. பனூ ஹாஷிம் குலத்தாரைச் சுமார் மூன்றாண்டுகள் ஒதுக்கிவைத்தபோது, பசித்தவர்க்குப் போன உணவையும் வழிமறித்தான். ஒவ்வொரு குலத்திலிருந்தும் ஓர் இளைஞனைத் தெரிந்தெடுத்து ஒருசேர வாள் வீசச் செய்தால் பழி எல்லாக் குலத்துக்கும் பகிர்ந்துபோகும் என்று நபிகளாரைக் கொல்ல வழி சொன்னவனும் அவனே. இதில்கூட அவனது அறிவு எவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது, பாருங்கள்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமலான் மாதம், கி.பி. 624-இல், பத்ரு நோக்கிக் குறைஷியர் படை வந்தது. எந்த வணிகக் கூட்டத்தைக் காக்க வந்தார்களோ அது தப்பிவிட்டது, திரும்பிவிடுங்கள் என்று அபூஸுஃப்யானிடமிருந்து தூது வந்தது. சுவரோரத் தோழர் அக்னஸ், பனூ ஸுஹ்ரா குலத்தாரைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். உத்பாவும் போர் வேண்டாம் என்றார். அபூஜஹ்ல் அவரைக் கோழை என்று ஏளனம் செய்தான். பத்ரில் மூன்று நாள் தங்கி, ஒட்டகம் அறுத்து, மது அருந்தி, பாடகியரைப் பாடவைத்து, அரபியர் அனைவரும் நம்மை அஞ்சும்படி செய்துவிட்டே மீள்வோம் என்றான். அன்று அவன் திரும்பியிருந்தால்? வாசல் அப்போதும் அடைபட்டிருக்கவில்லை. மதீனத்து இளைஞர்களின் வாளுக்கு வீழ்ந்து, குற்றுயிராய்க் கிடந்த அவன் மார்பின்மீது, ஒருகாலத்தில் மக்காவில் அவனால் இழிவுபடுத்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) ஏறி நின்றார்கள். ஆடு மேய்க்கும் சிறியோனே, ஏறமுடியாத உயரத்தில் ஏறிவிட்டாய் என்பதே அந்நிலையிலும் அவன் சொன்ன சொல்லின் கருத்து. உயிர் போகும் தறுவாயிலும் பந்தயக் குதிரைக் கணக்குத்தான்!

உமறுப் புலவர் இவனை எவ்வாறு கண்டார்? ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆன சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டம் முழுவதும் இவன் நிழல் விழுகிறது. ஹபீபு அரசனுக்கு ஓலை விடுத்து அழைப்பவன் இவன். மதி பிளந்த அற்புதத்தைக் கண்டு அவ்வரசனே ஈமான் கொள்ள, அழைத்தவன் மட்டும் அப்படியே நிற்கிறான். கம்பன் தன் இராவணனுக்கு வீணையும் வீரமும் தந்து, வீழ்ந்தபோது நம்மை இரங்கவும் வைத்தான். கம்பனை நன்கு கற்ற உமறு, அந்தப் பெருமிதத்தை அபூஜஹ்லுக்குக் கொடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. மார்க்கப் பற்று அதற்கு ஒரு காரணம். காப்பியத்தின் அமைப்பு மற்றொரு காரணம். சீறாப்புராணம் மக்கா வெற்றிவரை செல்லாமலே நின்றுவிடுகிறது. பனீ அகமது மரைக்காயர் 'சின்னச்சீறா' பாடித்தான் எஞ்சிய வரலாற்றை நிறைவு செய்யவேண்டியிருந்தது. ஆகவே உமறுவின் காப்பியத்தில் பகைவர்கள் பகைவர்களாகவே நிற்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் தோழர்களாக மாறினர் என்னும் பகுதி அவர் ஏட்டில் இடம்பெறவில்லை.

அக்காத் தம் படத்தை மக்கா வெற்றிக்கு அப்பாலும் கொண்டுசென்றார். (திரைப்படம் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கு எழுப்ப நான் விரும்பவில்லை.) நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இல்லை, பேசுவோர் யாவரும் காமிராவை நோக்கியே பேசுகின்றனர். அதனால் ஓர் எதிர்பாராத விளைவு உண்டாயிற்று. நாயகர் திரையில் தோன்றாதபோது, எதிர்த்தவர்களின் முகங்களே திரையை நிறைக்கின்றன. அவர்கள் நம்மைப் பார்த்து மறுக்கிறார்கள். ஐரீன் பாபாஸ் நடித்த ஹிந்தாவும் மைக்கேல் அன்ஸாரா நடித்த அபூஸுஃப்யானும், அபூஜஹ்லைவிட நெடுநேரம் நம் வெறுப்புக்கு ஆளாகி, இறுதியில் ஈமானுக்குள் வருகிறார்கள். 2012-ஆம் ஆண்டு ரமலானில் ஒளிபரப்பான ஹாதிம் அலியின் 'உமர்' என்னும் அரபுத் தொலைக்காட்சித் தொடர், உமர் (ரலி) அவர்களை முன்னிறுத்திக் கதை சொன்னதால், துஆவில் இடம்பெற்ற இருவரையும் ஒரே குறைஷிச் சபையில் வைத்துப் பார்க்க வாய்ப்பளித்தது. ஸஹாபாக்களை நடிகர்கள் ஏற்று நடிக்கலாகாது என்று உலமாக்கள் பலர் அதனைக் கண்டித்தனர் என்பதும் பதிவாக வேண்டும்.

உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்ற வஹ்ஷி, பின்னர் முஸ்லிமாகி, யமாமாப் போரில் பொய்நபி முஸைலிமாவை அதே ஈட்டியால் வீழ்த்தியதை நாம் படித்திருக்கிறோம். எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் துணியமாட்டார். துணிந்தாலும் நாம் நம்பமாட்டோம். 2005-ஆம் ஆண்டு நவம்பரில், அம்மான் நகரத்து ஓட்டலில் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் வெடித்த குண்டுக்கு அக்காத்தும் அவர் மகளும் பலியானதையுங்கூட.

அபூஜஹ்லுக்கு ஒரு மகன் இருந்தார், இக்ரிமா. தந்தையின் பழிக்காக உஹதிலும் பிற களங்களிலும் போரிட்டவர். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது அஞ்சி யமன் நோக்கி ஓடினார். அவர் மனைவி உம்மு ஹகீம், பெருமானாரிடம் அபயம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே சென்று அழைத்துவந்தார். இக்ரிமா வந்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், அவர் தந்தையை ஏசாதீர்கள், இறந்தவரை ஏசுவது உயிரோடிருப்பவரைப் புண்படுத்தும், இறந்தவரைச் சென்றடையாது என்ற கருத்தில் எச்சரித்தார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. 'இந்தச் சமுதாயத்தின் பிர்அவ்ன்' எனப்பட்டவனைப் பற்றி, அவன் மகன் அவைக்குள் நுழையுமுன் இடப்பட்ட கட்டளை அது.

இக்ரிமா (ரலி) ஷாம் தேசத்துப் போரில் ஷஹீதானார்கள். அஜ்னாதைன் என்போரும் உளர். யர்மூக் என்பதே பரவலான செய்தி. யர்மூக் களத்தில் காயமுற்றுக் கிடந்த மூவர், கொண்டுவந்த தண்ணீரைத் தாம் பருகாமல் ஒருவர் மற்றவருக்கு அனுப்பி, மூவரும் பருகாமலே உயிர்நீத்த வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டிருப்பார்கள். அந்த மூவருள் ஒருவர் இக்ரிமா. மற்றொருவர் ஹாரிஸ் இப்னு ஹிஷாம். ஹாரிஸ் பின்னாளில் அம்வாஸ் கொள்ளைநோயில் இறந்தார் என்ற வேறோர் அறிவிப்பும் உண்டு. அவர் அபூஜஹ்லின் உடன்பிறந்த தம்பி.