ஒரே முகம், இரண்டு காய்ச்சல்

பழைய பன்றிக் காய்ச்சலில் செத்த பன்றியையும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்த பன்றியையும் அருகருகே கிடத்தினால், அனுபவமுள்ள கால்நடை வைத்தியரும் சற்றுத் தயங்குவார். இரண்டிலும் கடுங்காய்ச்சல், தீனியைத் தொடாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடத்தல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், பின்னங்கால் தள்ளாட்டம். (2009இல் மனிதரைப் பிடித்த ‘பன்றிக் காய்ச்சல்’ வேறு. இவை இரண்டும் மனிதரைத் தொற்றுவதில்லை.)

அறுத்துப் பார்த்தால் சிறு துப்புக் கிடைக்கும். ஆபிரிக்க நோயில் மண்ணீரல் பலமடங்கு வீங்கிக் கறுத்து, விரல் பட்டால் உதிரும். பழைய நோயில் மண்ணீரல் பெரும்பாலும் அளவு மாறாது; அதன் ஓரங்களில் மட்டும் கருந்திட்டுகள், நாட்பட்டால் பெருங்குடலில் பொத்தான் போன்ற புண்கள். ஆனால் இவையும் எப்போதும் தென்படுவதில்லை. உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். கண்டி மஹய்யாவவாசிகளுக்கு அது தூரமில்லை; கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் கன்னொறுவ சில கிலோமீற்றர்தான்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பின்னால் உறவே இல்லை என்பதுதான் வியப்பு. பழைய நோயின் வைரஸ் ஆர்.என்.ஏ. வகை, மரபுத்தொடர் சுமார் 12,300 எழுத்து. மாட்டு வயிற்றோட்ட வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். ஆபிரிக்க வைரஸ் டி.என்.ஏ. வகை, 1,70,000 எழுத்துக்கும் மேல். தன் குடும்பத்தில் தனியொன்று. எங்கே சந்திக்கின்றன? உடலின் காவற்காரர்களான விழுங்கு செல்களில். இரண்டும் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே புகுந்து பெருகுகின்றன. கலவரமடைந்த செல்கள் கொட்டும் இரசாயனங்களால் இரத்தக்குழாய்கள் கசிகின்றன. காதில் நாம் பார்க்கும் நீலம், காவலின் குழப்பம்.

இரண்டையும் பிரித்தறிந்த வரலாறும் சுவையானது. 1885இல் அமெரிக்க ஆய்வாளர்களான சல்மனும் ஸ்மித்தும் பழைய நோய்க்கு ஒரு பக்டீரியாவைக் குற்றஞ்சாட்டினர். அது பிழையென்று பின்னர் தெரிந்தும், சல்மனின் பெயர் ‘சல்மொனெல்லா’ என்ற அந்தப் பக்டீரியாவின் பெயரில் நிலைத்துவிட்டது. கென்யாவில் பன்றிகள் மடிந்தபோது கால்நடை வைத்தியர் மொன்ட்கமரி அதே பழைய நோயென்று எண்ணி நின்றுவிடவில்லை. பழைய நோய்க்கான காப்பு இதைத் தடுக்காததைக் கண்டு, இது வேறென்று 1921இல் எழுதினார்.

அந்த வேறுபாட்டின் விலையை இன்றும் கொடுக்கிறோம். முயலில் பழக்கிப் பலமிழக்கச் செய்த ‘சீ’ வகைத் தடுப்பூசி, ஒரே ஊசியில் பழைய நோயைத் தடுக்கும். ஆபிரிக்க நோய்க்கு வியட்நாம் அனுமதித்த ஊசிகளைத் தவிர, உலகம் நம்பிக் கையிலெடுக்கும் தடுப்பு இன்னும் இல்லை. ஆகவே ஒன்றுக்கு ஊசி, மற்றதற்குக் குழி. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்க நோய் இலங்கையில் தலைகாட்டியதும், 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்ச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாடுகள் வந்ததன் காரணம் இதுவே.

வந்து சேரும் வழியில் மறுபடி ஒற்றுமை. ஆபிரிக்காவில் காட்டுப்பன்றிக்கும் மென் உண்ணிக்கும் இடையே சுற்றித்திரிந்த வைரஸ், 2007இல் ஜோர்ஜியா, 2018இல் சீனா, 2020இல் அசாம் எனத் தாவியது உண்ணியால் அல்ல. பெரும்பாலும் மனிதன் கொண்டுபோன பன்றியாலும் இறைச்சியாலும். பழைய நோயும் அப்படியே. உப்புக்கண்டத்திலும் உறைந்த இறைச்சியிலும் இரண்டும் மாதக்கணக்கில் உயிர்பிடித்திருக்கும். மஹய்யாவ போன்ற நெருக்கமான இடத்தில் நாலைந்து பன்றி வைத்திருப்பவருக்குச் சாப்பாட்டுக் கடையின் எச்சில் வாளிதான் மலிவான தீனி. வைரஸுக்கும் அதுவே மலிவான வாகனம். நன்றாகக் கொதிக்கவைத்தால் இரண்டும் சாகும். விறகுச் செலவை நினைத்து அந்த வேலையை விட்டுவிடுகிறோம்.

என் கணிப்பில் இரண்டிலும் ஆபத்தானது ஆபிரிக்க நோயே. ஆனால் தொழுவத்தில் நிற்பவருக்கு அந்தத் தரவரிசை உதவாது. காய்ச்சல் கண்ட பன்றியை அவசரமாக அறுத்து விற்காதீர்கள். எது என்று தெரியும்வரை கால்நடை வைத்தியருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.